வெள்ளானூர் சாலைக்கு ஒரு பொறியாளர்

அண்ணனூர்,
12 ஜனவரி 2024

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு,

அம்மா ஆசீருடன் எழுதுவது. இறைவன் கருணையில் நலமாக இருக்கிறேன். பனிக்கு முழங்கால் மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஹுப்பள்ளியில் குளிர் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு சாலைக்குப் போ.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுகிறோம். அதில் தொழில் பேச எனக்குப் பிடிக்காது. பாதியில் ரயில் போகிறது. நீ "என்னம்மா, என்னம்மா?" என்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளானூரில் ஏரிக்கரையிலிருந்து புதுக் குடியிருப்புகள் வரை பழைய சாலையைப் பெயர்த்துப் புதிதாகப் போட டெண்டர் வரப்போகிறது. உன் அப்பா போன பிறகு நிறுவனத்தின் பெயரில் நான்தான் கையெழுத்திடுகிறேன் என்றாலும் இதுவரை எந்த வேலைக்கும் விண்ணப்பித்ததில்லை. இதற்கு விண்ணப்பிக்கப்போகிறேன். காரணம் உனக்கே தெரியும். கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இதே போன்ற சாலை ஒன்றைப் போட்டு முடித்தவருக்குத்தான் தகுதி. நாம் திருநின்றவூர் சாலையை முடித்தது 2019 அக்டோபரில். வரும் அக்டோபர் தாண்டினால், 'இன்னாசி அண்டு கோ' என்ற பெயர் எந்த டெண்டருக்கும் உதவாது. இதுதான் கடைசி. ரோலர் இருக்கிறது, தார்க் கலவை தருவதாக ஆவடி ஆலைக்காரர் எழுதித் தருகிறார். விண்ணப்பத்தில் பொறியாளர் ஒருவரைக் காட்ட வேண்டும். ஓய்வு பெற்ற சுப்பராயனிடம் சொல்லியிருக்கிறேன்.

மேஸ்திரி துலுக்கானம் நேற்று வந்து வாசலில் நின்றுகொண்டு, தெருவே கேட்கும்படி, "இன்னாம்மா நீ! ஊட்லயே பொண்ணு இன்ஜினீரு கீது. அத்த வுட்டுட்டு ரிட்டேரான ஆள தேடிகினு கீறியே! பாப்பாவ ஒரு வார்த்த கேளேன்" என்றான். இத்தனை வருடம் நம்மிடம் இருந்தும் அவனுக்கு மெதுவாகப் பேச வரவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் நலம் நாடும் அம்மா,
ஆக்னஸ் இன்னாசி


ஹுப்பள்ளி,
3 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். முழங்காலுக்கு அந்த எண்ணெயைச் சூடாக்கித் தடவுகிறீர்களா, இல்லை பாட்டில் அப்படியே அலமாரியில் நிற்கிறதா?

வெள்ளானூர் சாலை பற்றி எழுதியதைப் பல முறை படித்தேன். அந்தப் பக்கம் களிமண். தண்ணீர் குடித்தால் உப்பும், வெயிலில் வெடிக்கும். அடித்தளத்தை அவசரப்படுத்தக் கூடாது. இரண்டு பக்கமும் வடிகால் இல்லாமல் அங்கே எதுவும் நிற்காது. சுப்பராயன் சார் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு இந்த வயதில் நாள் முழுவதும் வெயிலில் நிற்க முடியுமா? விண்ணப்பத்தில் பெயர் இருப்பவர் சாலையிலும் இருக்க வேண்டுமே.

இங்கே எங்கள் புறவழிச்சாலை முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. மே மாதம் வேலை முகாமைக் கலைக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

துலுக்கானம் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவர் சத்தம் இங்கு வரை கேட்டது.

அன்புடன்,
ஜெனி


அண்ணனூர்,
20 பிப்ரவரி 2024

அன்பு மகளுக்கு,

ஆசீர். உன் கடிதம் கிடைத்தது. எண்ணெய் தடவுகிறேன். பாட்டில் பாதியாகிவிட்டது. சந்தேகப்பட வேண்டாம்.

சுப்பராயன் சம்மதித்துவிட்டார். காலையிலும் மாலையிலும் வந்து பார்ப்பார். மற்ற நேரம் துலுக்கானம் இருக்கிறான், நானும் குடை பிடித்துக்கொண்டு போய் நிற்பேன். இந்த ஏற்பாட்டில் உனக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. நீ பெரிய பெரிய சாலைகளைப் பார்த்தவள். இந்தச் சின்னச் சாலையை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. மே மாதத்துக்குப் பிறகு உனக்கு எங்கே நல்ல பதவி கிடைக்கிறதோ, அங்கே போ. பிள்ளைகளின் வழியில் குறுக்கே நிற்கும் தாய் அல்ல நான்.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் டெண்டர் தள்ளிப்போகும் என்கிறார்கள். தவக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்க்கிறாயா, இல்லை முகாமில் கிடைப்பதைச் சாப்பிடுகிறாயா?

உன் நலம் நாடும் அம்மா,
ஆக்னஸ் இன்னாசி


ஹுப்பள்ளி,
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

எனக்கு ஒரு மாற்றம் வருகிறது. ஜூலைக்குப் பிறகு விவரமாக எழுதுகிறேன். அதுவரை கேட்க வேண்டாம். நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும்.

அன்புடன்,
ஜெனி


அண்ணனூர்,
10 ஜூன் 2024

அன்பு மகளுக்கு,

ஆசீர். வெயில் குறையவில்லை. கத்திரி முடிந்தும் கூரை தகிக்கிறது. மற்றபடி நலம். உன் மாற்றம் எதுவானாலும் நல்லதாக அமைய ஜெபிக்கிறேன்.

தேர்தல் முடிந்து டெண்டர் வந்துவிட்டது, கூடவே ஒரு திருத்தமும். பொறியாளர் டிப்ளமோ படித்திருந்தால் போதும் என்று முன்பு இருந்தது. இப்போது பட்டம் வேண்டுமாம். சுப்பராயன் டிப்ளமோக்காரர். பாவம், ஒரு பெட்டி இனிப்போடு வந்து, ஏதோ தவறு செய்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். "நாப்பது வருஷம் ரோடு போட்டேன் மேடம், பேப்பர் பத்தலயாம்" என்றார். நான் காபி கொடுத்து அனுப்பினேன்.

நீ கவலைப்படாதே. வேறு ஏற்பாடு செய்துவிட்டேன். சின்ன விவரம் ஒன்று வேண்டும். நீ முதல் முதலில் வேலையில் சேர்ந்தது எந்த வருடம், எந்த மாதம்?

உன் நலம் நாடும் அம்மா,
ஆக்னஸ் இன்னாசி


21 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். 2005 ஜூன். எதற்கு என்று எழுதவில்லையே?

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு எதையோ கேட்க வந்து, அதை விட்டுவிட்டு இதைக் கேட்டீர்களோ என்று தோன்றியது. அப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள், அம்மா. தாமதமானாலும் பரவாயில்லை.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏறும்போது வலது காலை முதலில் வையுங்கள்.

அன்புடன்,
ஜெனி


அண்ணனூர்,
16 ஜூலை 2024

ஜெனிட்டாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

நேற்று தகுதி உறைகளைப் பிரித்தார்கள். எல்லாம் கணினியிலேயே தெரியும் என்றார்கள். என்றாலும் நான் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே போனேன். உன் அப்பா ஒவ்வொரு முறையும் நேரில்தான் போவார். மூன்று நிறுவனங்கள் விண்ணப்பித்திருந்தன. அவற்றில் இரண்டு தள்ளுபடி. ஒரே பொறியாளரின் பெயர் இரண்டு விண்ணப்பங்களில் இருந்தால் இரண்டும் தள்ளுபடி என்பது விதி. நம்முடையது ஒன்று. மற்றது பூந்தமல்லியில் இருக்கும் ஒரு நிறுவனத்துடையது. அந்தப் பெயர்: இ. ஜெனிட்டா, பி.இ.

அங்கிருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூந்தமல்லி நிறுவனத்தின் ஆள் ஒருவன் என் காதுபடவே, "அம்மாவும் பொண்ணுமா சேந்து நம்ம காலை வாரிட்டாங்கடா" என்றான்.

ஆம், உன் பெயரை நான் போட்டேன். அப்பாவின் கோப்பில் உன் சான்றிதழ்கள் இருந்தன. நீ கையெழுத்திட்ட சம்மதக் கடிதங்களும் இருந்தன, தேதி போடாமல். ஒன்றை எடுத்தேன். தேதியை நிரப்பினேன், அனுபவத்துக்கு நீ எழுதிய 2005 ஜூனையும். மகளின் பெயரை எழுத ஒரு தாய் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அவர் இதைத்தானே செய்துவந்தார்?

ஆனால் நீ? வீட்டுக்கு வந்து உன் உறையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முத்திரை பூந்தமல்லி அஞ்சலகம். ஹுப்பள்ளிப் பக்கம் எங்கோ இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்க, பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். அதுவும் நம் எதிரில் நிற்பவர்களின் சம்பளத்தில்.

இரண்டு நிறுவனங்களும் பதினைந்து நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். பொய் உறுதிமொழி என்று முடிவானால் தடைப்பட்டியல். என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. துலுக்கானம் இன்று வாசலில் நின்று, "பாப்பா பேர வச்சி நம்மளயே நாம அட்ச்சிக்கினோம்மா" என்றான். முதல்முறையாக மெதுவாகச் சொன்னான்.

ஆக்னஸ் இன்னாசி


பூந்தமல்லி,
24 ஜூலை 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நேரில் வந்து சொல்லியிருக்கலாம். அண்ணனூர் ரயில் நிலையம் வரை வந்தேன். படியில் இறங்காமல் எதிர் நடைமேடைக்குப் போய்த் திரும்பிவிட்டேன். உங்கள் கடிதங்களை ஹுப்பள்ளி அலுவலகத்தார் இங்கே அனுப்பிவைத்தார்கள்.

மே மாதம் முகாம் கலையும் என்று உங்களுக்கு எழுதியது தகவலுக்காக அல்ல. எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று எழுதியதும் அதற்காக அல்ல. ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். 'நல்ல பதவி கிடைக்கும் இடத்துக்குப் போ' என்று நீங்கள் எழுதிய பிறகுதான் பூந்தமல்லிக்காரர்களிடம் சம்மதம் சொன்னேன். பதவி இதைவிட நல்லது வெளியூரில் கிடைத்தது. உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எடுத்தேன். நீங்கள் வந்து தங்கினால் மாடி ஏற வேண்டியிராதபடி கீழ்த்தளத்தில் வீடு பார்த்தேன். நீங்களும் இந்தச் சாலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பது தெரியும். அதனாலேயே வாயைத் திறக்க முடியவில்லை. போட்டி நிறுவனத்தில் சேர்ந்துகொண்டு உங்களோடு தொழில் பேசினால், இங்கிருந்து அங்கே விலை சொன்னாள் என்பார்கள். முடிவு வந்ததும் வாசலில் வந்து நிற்கலாம் என்று இருந்தேன். யார் ஜெயித்தாலும்.

அப்பா செய்ததைத்தான் செய்தேன் என்று எழுதியிருந்தீர்கள். இல்லை அம்மா. அந்தக் கடிதங்களில் தேதி இல்லாதது எங்கள் மறதியால் அல்ல. ஒவ்வொரு டெண்டருக்கும் முன்னால் அப்பா எனக்கு போன் செய்து, விடுப்பு கிடைக்குமா, வந்து நிற்க முடியுமா என்று கேட்பார். முடியும் என்று நான் சொன்ன பிறகுதான் தேதி எழுதுவார். முடியாது என்று சொன்ன வருடங்களில் அவர் விண்ணப்பிக்கவே இல்லை. திருநின்றவூர் சாலைக்கு முடியும் என்றேன். எட்டு மாதம் வந்து நின்றேன். மற்ற வருடங்களில் என்ன நடந்தது என்று உங்களிடம் அவர் சொல்லவில்லை போலிருக்கிறது. மகள் மறுத்தாள் என்று சொல்ல மனம் வந்திருக்காது.

விளக்கத்தை நான் கொடுத்துவிட்டேன். இரண்டு நிறுவனங்களுக்கும் நானே தெரிந்து சம்மதம் கொடுத்தேன், தவறு முழுவதும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அப்பாவின் நிறுவனத்தின் மீது பொய் என்ற சொல் ஏறாது. மூன்று வருடம் எந்த விண்ணப்பத்திலும் என் பெயர் வரக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். பூந்தமல்லி நிறுவனத்தில் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

நீங்கள் இதில் எதுவும் செய்ய வேண்டாம்.

ஜெனி


அண்ணனூர்,
2 ஆகஸ்ட் 2024

என் மகளுக்கு,

நீ எதுவும் செய்ய வேண்டாம் என்றாய். கேட்காமல் போனேன். தேதி நான் நிரப்பியது, மகளுக்குத் தெரியாது என்று எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அந்த அதிகாரிக்கு உன் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மேடம், ஃபைல் முடிஞ்சாச்சு. உங்க பொண்ணே ரெண்டு இடத்துலயும் நான்தான் ஒத்துக்கிட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இப்ப நீங்க இல்லன்னு சொன்னா ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றதா ஆகும். அவங்க எழுதினது பொய்னு நான் எழுதவா? அப்ப அவங்க மேல இன்னொரு நடவடிக்கை வரும். நீங்களே சொல்லுங்க."

என் பள்ளியில் கன்னியர்கள் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். எப்படி உட்காருவது, எப்படி எழுதுவது, எப்போதும் உண்மை சொல்வது. உண்மையைச் சொன்னால் உன்மேல் விழும் என்னும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. தாளை மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னை ஏன் கேட்கவில்லை என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். முடியாது என்று நீ சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். அவர் போன பிறகு யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்துவிட்டேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம். உன் அப்பா வருடா வருடம் கேட்டு, மறுப்பையும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை.

வரும் புதன்கிழமை பூந்தமல்லிக்கு வருகிறேன். உறையில் உள்ள முகவரிக்கு. எங்கேயும் போய்விடாதே.

அம்மா


அண்ணனூர்,
9 செப்டம்பர் 2024

ஜெனிக்கு,

ஆசீர். இந்தக் கடிதத்தை உன் பழைய நிறுவனத்தின் ஹுப்பள்ளி முகவரிக்கு அனுப்புகிறேன். அவர்கள் உனக்குச் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன். நான் வந்தபோது பூந்தமல்லி வீடு பூட்டியிருந்தது. வீட்டுக்காரர், "முன்தினமே காலி பண்ணிட்டாங்கம்மா" என்றார். அது கீழ்த்தளம்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. கைப்பிடி வைத்த நாற்காலி. என்னைப் போல முழங்கால் வலி உள்ளவர்கள் பிடித்துக்கொண்டு எழ வசதியானது.

தொலைபேசியில் அழைத்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது.

அம்மா


நாக்பூர்,
30 செப்டம்பர் 2024

அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இங்கே யாருடைய விண்ணப்பத்திலும் என் பெயர் வர வேண்டியதில்லை. சாப்பாடு பரவாயில்லை.

ஜெனி


அண்ணனூர்,
20 நவம்பர் 2024

ஜெனிக்கு,

நலமா? உன் கடிதத்தைப் பெற்ற பிறகு இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நல்ல வார்த்தைகளைத் தேடினேன். வரவில்லை. உள்ளதை எழுதுகிறேன்.

அக்டோபர் போய்விட்டது. நிறுவனத்துக்கு இனித் தகுதி இல்லை. பதிவை ரத்து செய்யச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். ரோலரை விற்றாயிற்று. துலுக்கானம் அதன் பின்னாலேயே மெயின் ரோடு வரை நடந்துபோய்விட்டு வந்து, "போச்சும்மா" என்றான். இப்போது திருவேற்காட்டில் யாரிடமோ வேலைக்குப் போகிறான்.

வெள்ளானூர் சாலையை அந்த மூன்றாவது நிறுவனம் போட்டு முடித்துவிட்டது. தீபாவளிக்கு முன்னால் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. போன வாரம் மழை. விட்ட பிறகு ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே போட்டிருக்கிறார்கள். சாலை உயர்ந்துவிட்டது. வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. வடிகால் ஒரு பக்கம் மட்டும், அதுவும் பாதியில் நிற்கிறது. பவித்ரா என்று ஒரு பெண், கணினி வேலை, கடன் வாங்கி வீடு வாங்கியவள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் வாசல் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று கேட்டாள். சாலை போடுகிறவர்கள் குடும்பம் என்றேன். "அப்போ நீங்கதான் மனு எழுதித் தரணும், ஆன்ட்டி. எங்களுக்கு என்ன கேக்கணும்னே தெரியல. வெறும் தண்ணி நிக்குதுன்னா பாக்கறேன்னு போயிடறாங்க" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். எனக்கு ஆங்கிலமும் தெரியும், தமிழும் தெரியும். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. எந்த இடத்தில் வெட்ட வேண்டும், எதைக் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது என்று தெரியவில்லை. ஐம்பது வருடம் ஒரு சாலைக்காரரோடு வாழ்ந்தேன். ஒரு சாலைக்காரியைப் பெற்றேன். இரண்டு பேரிடமும் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை.

இந்த மனுவில் உன் பெயர் வராது. எதிலும் வராது. அதற்காக அல்ல. அந்த வாசல்களை நீ ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். என்னையும்.

வருவாயா, ஜெனி? முடியாது என்றாலும் பரவாயில்லை. முடியாது என்று எழுது. நான் அதை வாங்கிக்கொள்வேன்.

அம்மா